தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்ன அன்று

வணக்கம் மேடம்,

எனக்கு 38 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். பாட்டு என்றால் எனக்கு உயிர். முறையாகக் கற்றுக்கொண்டதில்லை, கேட்டுக் கேட்டு வந்ததுதான். கடையில் நாள் முழுக்க ஆட்களோடு பேசுகிறேன், சண்டைக்கு வருகிறவரைக்கூடச் சமாளித்து அனுப்புகிறேன், அங்கே கூச்சம் எதுவும் கிடையாது. மைக்கைக் கையில் கொடுத்தால் மட்டும் கால் நடுங்குகிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது, வயிற்றைப் பிசைகிறது.

மூன்று வருஷமாக ஒரு நண்பரின் இன்னிசைக் குழுவில் இருக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று கடலூரிலும் பாண்டிச்சேரியிலும் மாதத்துக்கு மூன்று நான்கு நிகழ்ச்சி வரும். இத்தனை நாளில் எனக்குக் கிடைத்தது கோரஸும் ஹம்மிங்கும்தான். ரிகர்சலில் நன்றாகத்தான் பாடுகிறேன், நண்பரே "உன் குரல்ல ஒரு குழைவு இருக்குடா" என்று சொல்லியிருக்கிறார். மேடை என்று வந்தால் பாட்டு வேறு யாருக்காவது போய்விடும். நேற்று வந்தவர்கள் எல்லாம் நடுவில் நிற்கிறார்கள், நான் ஓரத்தில் நின்று ஆ ஆ என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் ஆண்டு விழாவில் பாடும்போது பாதியில் குரல் உடைந்து கீச்சென்று போய்விட்டது. மொத்தக் கூட்டமும் சிரித்தது. அண்ணன் இன்றைக்கும் வீட்டு விசேஷங்களில் அதை நடித்துக் காட்டுவான். என் மனைவிக்கு நான் "பாத்ரூம் பாகவதர்". யாருமே என்னைப் பாடகனாகப் பார்க்கவில்லை. குழுவிலும் அதே கதைதான், மூன்று வருஷம் மேடம், வெறும் கோரஸ்.

போன ஆடியில் ஓர் அம்மன் கோயிலில் எனக்கு ஒரு தனிப்பாட்டு கொடுத்தார்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. அன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கட்டவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு காலேஜ் பையன் அதைப் பாடினான். சரணத்தில் மேலே போகிற இடத்தில் சுருதி விலகிவிட்டது. எனக்கு, சொல்லக் கூடாது, உள்ளுக்குள் ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது. அது கிடக்கட்டும். அதற்கப்புறம் எல்லாத் தனிப்பாட்டும் அவனுக்கே போகிறது. சுருதி விலகியவனுக்கு மேடை, எனக்கு ஓரம். இது நியாயமா?

எங்கள் கடையிலேயே நெஞ்சுப் படபடப்பைக் குறைக்கிற புரொப்ரனலால் மாத்திரை இருக்கிறது. சில கலைஞர்கள் மேடைக்கு முன்னால் போட்டுக்கொள்வார்களாம். மார்கழிப் பனியில் கொஞ்சம் வீசிங் எட்டிப் பார்க்கும், மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. போட்டுப் பார்க்கலாமா? அல்லது ஏதாவது மூச்சுப் பயிற்சி சொல்லுங்கள். பேசாமல் குழுவை விட்டே விலகிவிடலாமா என்றும் தோன்றுகிறது.

பெயர் வேண்டாம், கடலூர்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் மாத்திரை விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். போகிற போக்கில் வீசிங் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள், அது ஒன்றே போதும். அந்த மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும், வீசிங் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. சீட்டு இல்லாமல் வேறு யாராவது வந்து கேட்டால் நீங்களே கொடுக்க மாட்டீர்கள்தானே? பதற்றம் தாங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் போய், வீசிங்கையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

இனி, "அது கிடக்கட்டும்" என்று எழுதினீர்களே, அதைக் கிடக்க விட எனக்கு மனமில்லை. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஓர் இடத்தைத்தான்.

நிம்மதியாக இருந்தது என்பதற்காக உங்களைத் திட்டப் போவதில்லை. போட்டி இருக்கிற இடத்தில் எல்லாருக்கும் வருவதுதான், பெரும்பாலானவர்கள் எழுத மாட்டார்கள், நீங்கள் எழுதினீர்கள். ஆனால் அந்த நாலைந்து நிமிஷம் நீங்கள் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டையா கேட்டீர்கள்? எங்கே சறுக்குவான் என்று காத்திருந்தீர்கள். கீழே உட்கார்ந்திருந்த கூட்டமும் அப்படியே காத்திருந்தது என்று நினைத்துக்கொண்டீர்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான். ஆடித் திருவிழாக் கூட்டத்தை உங்களுக்கே தெரியும். கூழ் வாங்க ஒருவர் எழுந்து போவார், குழந்தை அழும், பின்வரிசையில் இரண்டு பேர் வீடு கட்டுகிற செலவைப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சுருதி விலகலை உங்களையும் கீபோர்டுக்காரரையும் தவிர எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? உங்கள் காதையே எடுத்து அத்தனை பேருக்கும் ஒட்டிவைத்துவிட்டு, இந்தக் கூட்டத்தின் முன் எப்படிப் பாடுவது என்று நடுங்குகிறீர்கள். நியாயமான நடுக்கம்தான், அத்தனை நீதிபதிகள் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் நடுங்கும்.

அதனால் இதை வெறும் கூச்சம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கூச்சக்காரர் கடைக் கவுண்டரில் அப்படி நிற்க முடியாது. நீங்கள் கண்டிப்பான கேட்பவர். மற்றவர்களை அளக்க எடுத்த அதே அளவுகோலோடு மேடை ஏறுகிறீர்கள்.

நண்பர் மேல் உள்ள வருத்தத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. அவர் பாட்டு கொடுத்தார், நீங்கள் திருப்பிக் கொடுத்தீர்கள், அதுவும் பொய் சொல்லி. அவர் இடத்திலிருந்து பாருங்கள்: ஒருவர் நன்றாகப் பாடுவார், ஆனால் கடைசி நேரத்தில் தொண்டை கட்டும். இன்னொருவன் சறுக்கினான், இறங்கி வந்தான், அடுத்த முறை கூப்பிட்டதும் ஏறினான். முன்பணம் வாங்கி நிகழ்ச்சி நடத்துகிறவர் யாரை நம்புவார்? குழுவை விட்டு விலகினால் "எனக்கு வாய்ப்பே தரவில்லை" என்ற கதை உங்களுக்கு நிரந்தரமாகிவிடும். சௌகரியமான கதை அது, அதனால்தான் விட வேண்டாம் என்கிறேன்.

எட்டாம் வகுப்பு சமாசாரத்துக்கு வருகிறேன். அந்த வயதில் பையன்களுக்கு மகரக்கட்டு உடையும், குரல்வளை வளர்கிறது, குரல் சொன்ன பேச்சு கேட்காது. அன்றைக்கு நீங்கள் தோற்கவில்லை, மீசை முளைக்கிற மாதிரி ஒன்று மைக் முன்னால் நடந்துவிட்டது, அவ்வளவுதான். சிரித்தவர்கள் அதை அன்று ராத்திரியே மறந்திருப்பார்கள், அண்ணனைத் தவிர. அடுத்த விசேஷத்தில் அவர் ஆரம்பிக்கும்போது "போதும்ணே" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

கால் நடுங்குவது கீழே தெரிந்துவிடும் என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் மேடைப் பேச்சை வைத்து இதை ஆராய்ந்து எழுதினார்கள். பேசுகிறவர் தன் பதற்றம் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று நினைக்கிறாரோ, கேட்பவர் கண்ணுக்கு அதைவிடக் குறைவாகத்தான் தெரிகிறது. இந்த விஷயத்தை முன்கூட்டியே சொல்லி மேடையேற்றியவர்கள் நன்றாகவும் பேசினார்கள். ஆக, நடுக்கம் போன பிறகுதான் பாட வேண்டும் என்றில்லை. வயிற்றைப் பிசைகிறது என்றீர்களே, சூலை நோயோடு திருவதிகைக் கோயிலில் நின்று முதல் பதிகம் பாடியதாகச் சொல்லப்படும் அப்பர் உங்கள் மாவட்டத்துக்காரர்தான். மேடை பயமும் சூலையும் ஒன்றில்லை, தெரியும். ஆனாலும் வலி தீரட்டும், அப்புறம் பாடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

மூச்சுப் பயிற்சி கேட்டீர்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விடுங்கள், மேடைக்குப் பின்னால் ஐந்தாறு தடவை. பதற்றத்தில் மூச்சு குட்டையாகிவிடும் என்பதால் ரிகர்சலில் பாடுவதைவிடச் சுருதியை அரைக்கட்டை இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கூச்சப்படுகிறவர்கள் எல்லாரும் மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடிப்பார்கள். குரல் கேட்கவில்லையே என்று சவுண்ட் ஆள் ஏற்றுவார், உடனே மைக் கூவும், பாடுகிறவர் இன்னும் தள்ளிப் பிடிப்பார். கிட்டே பிடியுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலைச் சத்தத்துக்கு நடுவே பாடினால் நாலடி தாண்டிக் கேட்காது, வீட்டம்மாவை அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பாட்டு முழுசாகப் பாடுங்கள். பாத்ரூம் பாகவதர் என்று கிண்டல் செய்கிறவர் இத்தனை வருஷமாகக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை நீங்கள் யோசித்ததே இல்லையோ?

ஆனால் இதெல்லாம் அப்புறம். முதலில் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய் அந்தப் பையன் பாடுவதைக் கேளுங்கள். சறுக்கும் இடத்துக்காக இல்லாமல், அவன் நன்றாகப் பிடிக்கிற ஓர் இடத்துக்காக. இறங்கி வந்ததும் அது எந்த இடம் என்று அவனிடம் சொல்லுங்கள். சும்மா "சூப்பர்" என்று முதுகில் தட்டாதீர்கள், பல்லவியா, அனுபல்லவியா, எந்த வார்த்தை என்று சொல்லுங்கள், உங்கள் காது கூர்மையானது, உங்களால் முடியும். முதல் தடவை கசப்பாகத்தான் இருக்கும். நாலு நிகழ்ச்சி அப்படிக் கேட்டுவிட்டு, நண்பரிடம் அன்றைக்குத் தொண்டை கட்டவில்லை என்பதைச் சொல்லி, தனிப்பாட்டு கேட்காமல் அந்தப் பையனோடு இரண்டு வரி சேர்ந்து பாடுகிற மாதிரி ஒன்று கேளுங்கள்.

அவனிடம் என்ன சொன்னீர்கள், அவன் முகம் எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள்.