முதல் பருவமும் தொண்ணூறு நாள் பில்லும்

அன்புள்ள சார்,

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். வயது 34. போன ஜூலையில் சென்னையில் வார இறுதி எம்பிஏ சேர்ந்தேன். முதல் பருவத் தேர்வு முடிவு வந்துவிட்டது. புள்ளியியலில் மயிரிழையில் தப்பித்தேன். ஞாயிறு மதிய வகுப்பில் தூங்காமல் இருப்பதே பெரும்பாடு. கூடப் படிப்பவர்களில் பாதிப் பேர் ஐடி. சரளமாகப் பேசுகிறார்கள், நான் வாயே திறப்பதில்லை. ஆறு வயது மகள், "இன்னிக்கும் காலேஜாம்மா?" என்று கேட்கிறாள். வேலையும் அரைகுறை, படிப்பும் அரைகுறை. விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விட வேண்டாம். ஆனால் அடுத்த பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். படிப்பு ஆறு மாதம் நீண்டால் ஒன்றும் குறைந்துவிடாது. மகளுக்கு ஒரு ஞாயிறு மாலை கிடைக்கும்.

வாய் திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. நானும் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் எம்பிஏ படித்தவன். முதல் பருவத்தில் பத்து வாரம் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் பேராசிரியர் நடைமுறை மூலதனக் கணக்கை, அதாவது தொழிலை அன்றாடம் ஓட்ட எவ்வளவு பணம் வேண்டும் என்ற கணக்கை, பலகையில் போட்டார். சரக்கு கிடங்கில் 40 நாள் நிற்கிறது. விற்றதற்குப் பணம் வர 60 நாள். சப்ளையருக்கு 90 நாள் கழித்துக் கொடுக்கிறோம். அப்படியென்றால் நம் கையிலிருந்து 10 நாளுக்கான பணம் போட்டால் போதும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்றார்.

எங்கள் தொழிற்சாலையிலும் அதே 90 நாள்தான். அந்த 90 நாளில் போனை எடுக்கிறவன் நான். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லேத் பட்டறைக்காரர் கூப்பிடுவார். "சார், பசங்களுக்கு போனஸ் போடணும், பாதியாவது விடுங்க." பலகையில் இருந்த 90 எனக்கு அவர் குரலாகக் கேட்டது. முதல்முறையாக எழுந்து அதைச் சொன்னேன். பேராசிரியர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்கள் பில்களை எடுத்துக் கணக்குப் போட்டு வாருங்கள்" என்றார்.

போட்டேன். யாருக்கெல்லாம் அதிகம் தாமதித்தோமோ, அவர்களில் பலர் அடுத்த ஆண்டு விலையை ஏற்றித்தான் கொட்டேஷன் கொடுத்திருந்தார்கள். காத்திருந்த நாளுக்கான வட்டி நாங்கள் கொடுக்கும் விலையிலேயே ஏறியிருந்தது. பலகைக் கணக்கில் அதற்கு ஓர் இடமே இல்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய பொருளுக்கு, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. மேலே சொன்ன கணக்கில் 90ஐ 45 ஆக்கிப் பாருங்கள், 10 நாள் 55 ஆகிவிடும். கூடுதலாக வரும் அந்த 45 நாளுக்கான பணத்தை யார் சுமப்பது? இதைக் கேட்கும் தகுதி உங்கள் வகுப்பில் உங்களைவிட யாருக்கு இருக்கிறது?

பற்று வரவு குழம்பினால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்றாகவும் வரவாகவும் இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை, இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பசியோலி 1494இல் வெனிஸில் அச்சான தன் கணித நூலில் விளக்கினார். அதற்கு முன்பே இத்தாலிய வணிகர்கள் அப்படித்தான் கணக்கு எழுதிவந்தார்கள். வேலை முதலில், பாடம் அப்புறம். நீங்கள் அந்த வணிகர்கள் பக்கத்து ஆள்.

புள்ளியியலையும் உங்கள் இடத்திலேயே தொடங்கலாம். ஒரே சப்ளையரின் கடைசி முப்பது டெலிவரிகள் எத்தனை நாள் தாமதம் என்று எழுதி, சராசரியும், அதிலிருந்து நாள்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கமும் போடுங்கள். சராசரி இரண்டு நாள்தான், ஆனால் விலக்கம் ஐந்து நாள் என்று வந்தால், நீங்கள் ஏன் கூடுதல் சரக்கு வைத்துக்கொள்கிறீர்கள் என்பது அந்த ஓர் எண்ணில் தெரியும். கம்பெனி பஸ்ஸிலேயே போட்டுவிடலாம். சனிக்கிழமை அந்தத் தாளை வகுப்புக்கு எடுத்துப் போங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்தே சொல்லுங்கள், பரவாயில்லை. என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.