பவுடரை மாற்றாதீர்கள், உப்பைப் பாருங்கள்

வீட்டு மெஷின்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, சென்னையில் நெடுநாளாக டிஷ்வாஷர் சர்வீஸ் செய்துவரும் நம் மெக்கானிக் பதில் சொல்கிறார்.

கோவையில் இருந்தவரை எங்கள் டிஷ்வாஷரில் பாத்திரம் பளிச்சென்று வந்தது, சார். சென்னைக்கு மாறி வந்ததிலிருந்து எவர்சில்வர் டம்ளர் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. பவுடரை மாற்றினேன், அளவையும் கூட்டினேன். மெஷின் பழசாகிவிட்டதா?
– வாசகி, வேளச்சேரி

மெஷின் மேல் பழி போடாதீர்கள் அம்மா, மாறியது தண்ணீர்தான். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வந்திருக்கும். அதில் சுண்ணாம்பு ரொம்பக் குறைவு. இங்கே போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ வருகிறது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சூடு பட்டதும் டம்ளரில் படிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் நாலு சொட்டு வினிகர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை கரைந்தால் சுண்ணாம்புதான்.

கீழ்த்தட்டை வெளியே இழுத்தால், அடியில் திருகித் திறக்கிற மூடி ஒன்று இருக்கும். உப்பு போடும் இடம் அது. கோவையில் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டீர்கள். உப்பு பாத்திரத்தைத் தேய்ப்பதற்கல்ல. உள்ளே சாஃப்ட்னர் என்கிற பகுதியில் இருக்கும் ரெசின் மணிகள் தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து மணிகள் நிரம்பியதும், உப்புத் தண்ணீர் வந்து அவற்றைக் கழுவி மறுபடி வேலைக்குத் தயார் செய்யும். உப்பு தீர்ந்துவிட்டால் மணிகள் சும்மா கிடக்கும். நீங்கள் எந்தக் கம்பெனி பவுடர் போட்டாலும் டம்ளர் வெளுக்கத்தான் செய்யும்.

கடையில் டிஷ்வாஷர் சால்ட் என்றே கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கல் உப்பில் மண்ணும் மக்னீசியமும் இருக்கும். தூள் உப்பில் கட்டி தட்டாமலிருக்க வேறு பொருள் சேர்த்திருப்பார்கள். இரண்டுமே வேண்டாம். முதல் தடவை மட்டும் அந்த அறையில் தண்ணீரை நிரப்பிவிட்டு உப்பைக் கொட்டுங்கள். சிந்திய உப்பு உள்தகட்டை அரிக்கும். அதனால் உப்பு போட்ட கையோடு ஒரு வாஷ் ஓட்டிவிடுங்கள். அவசரத்தில் அந்தத் துளையில் பவுடரைப் போட்டுவிடாதீர்கள், சாஃப்ட்னரையே மாற்ற வேண்டி வரும்.

அப்புறம், தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று மெஷினிலும் செட் செய்ய வேண்டும். தண்ணீரில் கரைந்த எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. கடினத்தன்மையைக் காட்டும் ஹார்ட்னஸ் ஸ்ட்ரிப் வாங்கித் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். கிடைக்கும் பிபிஎம் எண்ணை 18-ஆல் வகுத்தால், கடினத்தன்மையை அளக்கும் ஜெர்மன் டிகிரி வந்துவிடும். பல கையேடுகளில் அதைத்தான் போட்டிருப்பார்கள். 360 பிபிஎம் என்றால் 20 டிகிரி. கடைசி அலசலில் சேரும் ரின்ஸ் எய்ட் திரவமும் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இட்லித் தட்டு, கடாய், டபரா செட் எல்லாவற்றையும் எப்படி அடுக்குவது? மாமியார் எல்லாவற்றையும் ஒருமுறை கையால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வைக்கிறார்.
– வாசகி, மதுரை

அப்படிக் கழுவ வேண்டியதே இல்லையென்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பவுடரில் இருக்கும் என்சைம்களுக்கு மாவும் பருப்பும்தான் தீனி. ஆட்டோ புரோகிராமில் தண்ணீரின் கலங்கலை சென்சார் பார்த்துத்தான் எவ்வளவு கழுவுவது என்று மெஷின் முடிவு செய்யும். பாதி கழுவி வைத்தால் இது சுத்தமான பாத்திரம் என்று நினைத்து வேலையைக் குறைத்துக்கொள்ளும். எச்சிலை வழித்துப் போட்டால் போதும். கறிவேப்பிலை, மிளகாய்க் காம்பு, எலுமிச்சை விதை மட்டும் தட்டில் இருக்கவே கூடாது.

தண்ணீர் கீழிருந்து பீய்ச்சி அடிக்கிறது. அதனால் பாத்திரத்தின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கடாயைக் கீழ்த்தட்டில் ஓரமாக, சாய்த்துக் கவிழ்த்து வையுங்கள். நடுவில் கவிழ்த்தால் மேல்தட்டுக்குத் தண்ணீர் போகாது. இட்லித் தட்டுகளை ஸ்டாண்டிலிருந்து கழற்றித் தனித்தனியாக நிமிர்த்தி நிறுத்துங்கள். காய்ந்த மாவு இருந்தால் முன்கூட்டியே கொஞ்சம் ஊற வையுங்கள். டபராவுக்குள் டம்ளரைச் செருகினால் இரண்டுமே அழுக்காகத்தான் வெளியே வரும். சாம்பார் கரண்டியைப் படுக்க வையுங்கள். நிறுத்தி வைத்தால் காம்பு நழுவிக் கீழே இறங்கி, தண்ணீரைப் பீய்ச்சியபடி சுற்றும் மெஷின் கையைத் தடுத்துவிடும். கதவை மூடுமுன் அந்தக் கையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சர்வீஸுக்குப் போகிற இடங்களில் பாதி ‘மெஷின் கெட்டுப்போச்சு’ இப்படி முட்டிக்கொண்டு நிற்கும் கைதான்.

எண்ணெய்க் கடாய்க்கு 65, 70 டிகிரி இன்டென்சிவ் புரோகிராம் வேண்டும். அலுமினியம் கறுத்துப்போகும். இரும்பு தோசைக்கல்லில் பழகின எண்ணெய்ப் பதம் போய்த் துருப்பிடிக்கும். பித்தளை, மரக்கரண்டி இவற்றுக்கும் உள்ளே இடமில்லை.

கண்ணாடி டம்ளர்கள் மங்கிவிட்டன. வினிகரில் ஊற வைத்தும் போகவில்லை.
– வாசகர், கோவை

வேளச்சேரி அம்மாவுக்கு நேர் எதிர்க் கதை உங்களுடையது. சுண்ணாம்பு குறைந்த மென்மையான தண்ணீரில் பவுடர் அதிகமானால் கண்ணாடியின் மேல்பரப்பையே அரிக்கும். போனது போனதுதான், திரும்ப வராது. புது டம்ளருக்காவது பவுடரைக் குறைத்து, சூடு குறைந்த புரோகிராமில் போடுங்கள்.

மெஷினைத் திறந்தால் நாற்றம் அடிக்கிறது.
– வாசகி, திருச்சி

ஃபில்டரைக் கடைசியாக எப்போது கழற்றினீர்கள்? அடியில் உருளையாக இருக்கும். வாரம் ஒருமுறை திருகி எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கதவு ரப்பரின் கீழ் மடிப்பையும் துடையுங்கள், அங்கேதான் பிசுக்கு சேரும். கடுகும் விதையும் சுற்றும் கையின் துளைகளில் மாட்டியிருந்தால் பல்குத்தும் குச்சியால் தள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம், எவர்சில்வரை அரித்துவிடும். ஊருக்குப் போகும்போது குழாயை மூடி, கதவை ஒரு விரல்கடை திறந்து விட்டுப் போங்கள்.