முதல் தடவை எல்லாமே இரைச்சல்தான்

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடுவோம். புதிதாக வந்த எக்ஸ்ட்ரீம் மெட்டல் ஆல்பம் ஒன்றை முழுதாகக் கேட்போம், அப்புறம் சுக்குக் காபி. டெத் மெட்டல், பிளாக் மெட்டல், கிரைண்ட்கோர் என்று ராக் இசையில் வேகமும் கரடுமுரடும் கூடிய வகைகளுக்குத்தான் எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்று பெயர். போன மாதம் புது ஆட்கள் நிறைய வந்ததால் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். நேரம் போதாமல் அன்றைக்குச் சொல்ல முடியாததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன டெத் மெட்டல் ஆல்பத்தைப் போனில் போட்டுப் பார்த்தேன். மிக்ஸியில் தேங்காய் அரைக்கிற மாதிரி இருந்தது. இதில் எதைக் கேட்பது? (வள்ளியூர் தம்பி)

போன் ஸ்பீக்கரிலா? அப்படியென்றால் நீங்கள் பாதிப் பாட்டைக்கூடக் கேட்கவில்லை தம்பி. சாதாரணமாகச் சுருதி சேர்த்த கிட்டாரில் தடித்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிரும். டெத் மெட்டல்காரர்கள் பலர் அதைத் தளர்த்தி 62 ஹெர்ட்ஸ் வரை இறக்குவார்கள். பேஸ் கிட்டார் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. நகத்தளவு ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் எங்கிருந்து வரும்? மேலே மிதக்கிற கரகரப்பு மட்டும்தான் மிஞ்சும், அதுதான் உங்கள் மிக்ஸி. ஒயர் உள்ள சுமாரான ஹெட்போன் ஒன்று வாங்குங்கள், போதும்.

அப்புறம், ஒரு தடவை கேட்டு முடிவு செய்யாதீர்கள். முதல் தடவை சும்மா ஓட விடுங்கள். இரண்டாவது தடவை ட்ரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். ஸ்னேர், கிக் என்ற ட்ரம்களும் சிம்பலும் மழை மாதிரி இடைவெளியில்லாமல் கொட்டுகிறதே, அதுதான் பிளாஸ்ட் பீட். அடி அவ்வளவு வேகமாக இருக்கும்போது மேலே கிட்டார் நிதானமாக நகர்வதைப் பல பாட்டுகளில் கவனிக்கலாம். அந்த முரண்தான் ருசி. மூன்றாவது தடவை, ரிஃப், அதாவது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு, எங்கே மாறுகிறது என்று பாருங்கள். கோயில் கொடை விழாவுக்கு வருகிற வெளியூர்க்காரருக்கு நையாண்டி மேளம் முழுக்க ஒரே அடிதான். தவில்காரர் எந்த இடத்தில் முறுக்குகிறார் என்று நமக்குத் தெரிகிறது அல்லவா? சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நானும் இதில் அடி வாங்கியவன். நியூசிலாந்தின் அல்சரேட், மூன்றே பேர் கொண்ட குழு. 2024 ஜூனில் அவர்கள் விட்ட ‘கட்டிங் த த்ரோட் ஆஃப் காட்’ ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, “ஒரு மெட்டுகூடத் தங்கவில்லையே” என்று இதே மாடியில் நீட்டி முழக்கினேன். இரண்டு வாரம் கழித்துப் பல் தேய்க்கும்போது அதிலிருந்து ஒரு ரிஃப் மண்டைக்குள் தானாக ஓடியது. அன்றைக்குத் திரும்பப் போட்டவன் அந்த வருஷம் முழுக்க அதை விடவில்லை.

ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அப்படிக் கத்தினால் தொண்டை கிழிந்துவிடாதா, அண்ணா? (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி)

முறையாகச் செய்பவர்களுக்குக் கிழியாது தங்கச்சி. குரல் நாண்களுக்கு மேலே ‘போலி நாண்கள்’ என்று இரண்டு மடிப்புகள் உண்டு. க்ரவுல் என்கிற இந்த உறுமல் குரலில் பெரும்பாலும் அதிர்வது அவைதான். மூச்சு வயிற்றிலிருந்து வர வேண்டும், உண்மையில் சத்தம் நாம் நினைப்பதைவிடக் குறைவு, மீதியை மைக் பார்த்துக்கொள்ளும். வலித்தால் தப்பாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே நிறுத்திவிடுங்கள்.

வார்த்தை புரியாதது எனக்கும்தான். பல குழுக்கள் ஆல்பத்தோடு வரிகளைத் தருகின்றன, பார்த்துக்கொண்டே கேட்கலாம். நான் பெரும்பாலும் பார்ப்பதில்லை. குரலை இன்னொரு தாள வாத்தியமாக வைத்துக்கொள்வேன்.

புதுசாக என்ன வந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? (பேட்டை)

1980-களில் இந்த இசை தபாலில்தான் பரவியது. ஒருவர் டெமோவை, அதாவது குழு தானே செய்த மாதிரிப் பதிவை, கேசட்டில் அனுப்புவார், வாங்கியவர் நகலெடுத்து இன்னொரு நாட்டுக்கு அனுப்புவார். இன்றைக்கு அந்த வேலையை பேண்ட்கேம்ப் செய்கிறது. 2008-ல் தொடங்கிய தளம், முழு ஆல்பத்தையும் கேட்டுவிட்டே வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம். 2020 மார்ச்சிலிருந்து சில வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுக்கொடுக்கிறார்கள். நான் வாங்க நினைப்பதை அந்த வெள்ளிக்காகச் சேர்த்து வைப்பேன். டெமோக்கள் பலவற்றுக்கு விருப்பப்பட்டதைக் கொடுத்தால் போதும்.

குழுக்களைத் தனித்தனியாகத் துரத்தாமல், ஆல்பங்களை வெளியிடும் நிறுவனமான லேபிளைப் பின்தொடருங்கள். டார்க் டிசென்ட், ட்வென்டி பக் ஸ்பின், ப்ரொஃபவுண்ட் லோர், நம் மும்பையின் டிரான்சென்டிங் அப்ஸ்க்யூரிட்டி ஆகிய நான்கே போதும், வாரம் நிரம்பிவிடும். சந்தேகம் வந்தால் 2002-லிருந்து இயங்கும் என்சைக்ளோபீடியா மெட்டாலம் என்ற இணையதளத்தைப் பாருங்கள். யார் எந்தக் குழுவில் எப்போது வாசித்தார் என்பது வரை அதில் இருக்கும்.

ஸ்பாட்டிஃபையில் கேட்டால் போதாதா என்று பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கேளுங்கள். ஆனால் 2024-லிருந்து, ஒரு வருஷத்தில் 1000 தடவை ஒலிக்காத பாட்டுக்கு அங்கே காசு கிடையாது. சின்னக் குழுக்கள் பலவற்றின் பாட்டுகள் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடக்கின்றன. பிடித்தால் ஒரு டீ, வடை காசையாவது நேராகக் கொடுங்கள்.

உலகத்திலேயே சின்னப் பாட்டு இதில்தான் இருக்கிறதாமே?

ஆமாம். நேபாம் டெத் என்ற குழு, 1987-ல் வந்த ‘ஸ்கம்’ ஆல்பத்தில் ‘யூ சஃபர்’. 1.316 விநாடி. கேள்வியைப் படித்த நேரத்தில் மூன்று தடவை போட்டிருக்கலாம்.

என் மகன் இதைத்தான் கேட்கிறான். அட்டையில் எலும்புக்கூடு, பேய், சாத்தான். பையன் கெட்டுப்போவானோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய், மேலப்பாளையம்)

அக்கா, இல்லாததை இல்லையென்றும் இருப்பதை இருக்கிறதென்றும் சொல்லிவிடுகிறேன். 1992-லிருந்து நார்வேயில் பிளாக் மெட்டல் கூட்டத்தைச் சேர்ந்த சிலர் தேவாலயங்களுக்குத் தீ வைத்தார்கள். 1993-ல் மேஹெம் குழுவின் கிட்டார்காரர் யூரோனிமஸை அதே வட்டத்தில் இருந்த இன்னொரு இசைக்காரர் கொலை செய்தார். இன்றைக்கும் இன வெறியைப் பாட்டாக்குகிற குழுக்கள் ஒரு மூலையில் உண்டு. இசை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவற்றை இந்த மாடியில் போடுவதில்லை. பையனிடமும் அதைத்தான் கேளுங்கள்: “இவர்கள் யார், என்ன பேசுகிறவர்கள்?”

எலும்புக்கூட்டுக்குப் பயப்பட வேண்டாம். அது பேய்க் கதை, அவ்வளவுதான். நம் பக்கத்துச் சுடலைமாடன் கொடையில் நடுராத்திரி சாமியாடி மயானத்துக்கு வேட்டைக்குப் போவதையும், கணியான் கூத்தில் மகுட மேளத்தை அதிர அதிர அடிப்பதையும் பார்த்து வளர்ந்த ஊர் இது. பிள்ளைகள் அதைப் பார்த்துக் கெடவில்லையே. பையன் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, நண்பர்களோடு பேசுகிறானா என்று பாருங்கள். கவலைப்பட வேண்டியது சத்தத்தின் அளவைப் பற்றித்தான். 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான். பஸ் இரைச்சலை அமுக்க வால்யூமை ஏற்றுவதுதான் பெரிய ஆபத்து. பாபநாசம் பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நம் ஆட்கள் யாராவது இதில் உண்டா?

சிங்கப்பூரின் ருத்ரா குழு, 1992-லிருந்து. டெத் மெட்டலுக்குள் சமஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தத்தையும் கொண்டுவந்து ‘வேதிக் மெட்டல்’ என்று பெயர் வைத்தவர்கள். 2005-ல் வந்த ‘பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ’யிலிருந்து தொடங்கலாம். அதே ஊரின் வோர்ம்ராட்டையும் விடாதீர்கள். 2022-ன் ‘ஹிஸ்’ கிரைண்ட்கோர் ஆல்பம், ஆனால் நடுவே வயலின் வந்து வயிற்றைப் பிசையும்.

நானும் நண்பனும் டெமோ பதிவு செய்கிறோம். ட்ரம்மர் இல்லை, ஸ்டுடியோவுக்குக் காசும் இல்லை. காத்திருக்கலாமா? (அம்பாசமுத்திரம்)

எதற்கு? 1994-ல் டார்க்த்ரோன் குழுவின் ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ ஆல்பத்தில் எல்லா வாத்தியமும் ஃபென்ரிஸ் என்ற ஒரே ஆள்தான். போர்ட்டாஸ்டுடியோ என்ற சின்னக் கேசட் பதிவுக் கருவியில் தானே பதிவு செய்தார். அந்தத் தேய்ந்த சத்தத்தைப் பிறகு எத்தனையோ பேர் வேண்டுமென்றே வரவழைக்கப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் ட்ரம்ஸ் போடுங்கள், ஆனால் எல்லா அடியும் ஒரே பலத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தையல் மிஷின் மாதிரி கேட்டால் முதல் நிமிடத்திலேயே ஆள் எழுந்து போய்விடுவார். ஐந்து பாட்டு இருந்தால் நல்ல மூன்றை மட்டும் விடுங்கள். அடுத்த மாதத்துக்குள் முடிந்தால் பென் டிரைவில் கொண்டு வாருங்கள், காபிக்கு முன்னால் போட்டுவிடலாம்.