உப்பின் மேல் மிதக்கும் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

தண்ணீரைச் சேமிப்பது பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். கடல் நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகித் திரும்ப வந்துவிடுகிறது, ஒரு சொட்டும் அழிவதில்லை என்று என் மகளின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அப்புறம் எதற்கு இந்தப் பயம்? இன்னொன்று, எங்கள் வீட்டு போர் 110 அடி. 12 வருஷம் நல்ல தண்ணி கொடுத்தது, இரண்டு வருஷமாகக் கரிக்கிறது. போர்க்காரர் 350 அடி போனால் நல்ல தண்ணி என்கிறார். போடலாமா? கொல்லையில் பழைய உறை கிணறு ஒன்றும் இருக்கிறது, பயன்படுத்துவதில்லை. அதை மூடிவிட்டு அந்த இடத்திலேயே போர் போடலாம் என்று நினைக்கிறோம்.

ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

கிணற்றை மூடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மகளின் பாடம் சரிதான். பூமியில் இருக்கிற தண்ணீரின் அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆனால் அதில் 97 சதவீதத்துக்கு மேல் உப்பு நீர். மிச்சமிருக்கும் நல்ல தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும் பனியாக உறைந்து கிடக்கிறது. அது போக இருப்பதில் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில். வீராணம், ஊசுட்டேரி, தென்பெண்ணையில் தொடங்கி அமேசான் வரை நாம் கண்ணால் பார்க்கிற ஆறும் ஏரியும் எல்லாம் சேர்த்தாலும் நல்ல தண்ணீரில் 100ல் ஒரு பங்குகூட வராது. நிலத்தில் வாழ்கிற உயிருக்கு வேண்டியது இந்தக் கொஞ்சம்தான். கடல் நீரைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்ற நம் சிறுநீரகத்துக்கு, குடித்ததைவிட அதிகத் தண்ணீர் வேண்டும், அதனால் தாகம் ஏறத்தான் செய்யும். நெல்லின் வேரும் அப்படித்தான், மண்ணில் உப்பு கூடினால் பக்கத்தில் தண்ணீர் நின்றாலும் உறிஞ்ச முடியாமல் பயிர் வாடிவிடும். அளவு அழியாது, உண்மை. நல்ல தண்ணீராக இருக்கும் தன்மை அழிந்துவிடும், உங்கள் போரில் நடந்திருப்பது அதுதான்.

நான் சிறுவனாக இருந்தபோது கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆயா வீட்டில் விடுமுறையைக் கழிப்போம். குடிக்கத் தண்ணி வேண்டுமென்றால் ஆயா குடத்தையும் கொட்டாங்குச்சியையும் எடுத்துக்கொண்டு மணல் மேட்டுப் பக்கம் போவாள். கையாலேயே ஒரு முழம் பறிப்பாள், கொஞ்ச நேரத்தில் தண்ணி ஊறி நிற்கும், கலங்காமல் கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவாள். கூப்பிடு தூரத்தில் கடல், கையில் அவ்வளவு ருசியான தண்ணி! எனக்கு அவசரம், இன்னும் ஆழமாகப் பறித்தால் சீக்கிரம் நிறையுமே என்று கையை விட்டால் அதட்டுவாள்: "போதும்டா, ரொம்ப நோண்டுனா கரிச்சிடும்."

அவள் சொன்னதற்குக் கணக்கே இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நெதர்லாந்துக்காரரான கைபென், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு பேர் 100 வருஷத்துக்கும் முன்பே தனித்தனியாகக் கண்டு சொன்னது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால் கடல் நீர் சுமார் 1,025 கிராம். அதனால் கடற்கரை மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர் கடல் நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணி நின்றால், அதன் கனம் கீழே 40 மீட்டர் வரைக்கும் உப்பை அமுக்கி வைத்திருக்கும். இப்போது உங்கள் போரைப் பாருங்கள். 110 அடி என்றால் 33 மீட்டர் சொச்சம். மேலே நிற்கும் தண்ணி 1 மீட்டரிலிருந்து முக்கால் மீட்டராக இறங்கினால், ஏறக்குறைய ஒரு சாண்தான், உப்பு 40 மீட்டரிலிருந்து 30க்கு ஏறிவிடும். உங்கள் குழாயின் அடி உப்புக்குள் நிற்கும்! நிஜத்தில் நடுநடுவே களிமண் அடுக்குகள் இருப்பதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது, ஆனால் போக்கு இதுதான். ஒரு தெருவே மோட்டார் போட்டு இறைக்கும்போது அந்த ஒரு சாண் இறங்குவது பெரிய விஷயமில்லை.

350 அடி விஷயம். போர்க்காரர் பொய் சொல்லவில்லை, ஆழத்தில் நல்ல தண்ணி கிடைக்கலாம். உங்கள் பக்கம் மேலே வண்டல், அதற்குக் கீழே மணற்கல். கடலூர் மணற்கல் என்றே அதற்கு நிலவியலில் பெயர், அதற்கும் கீழே வானூர் மணற்கல் இருக்கிறது. இந்தக் கடலூர் மணற்கல் மண்ணுக்கு மேலே தலைகாட்டும் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேடுகளில் விழும் மழை மெதுவாக இறங்கி அடியில் அழுத்தத்தோடு சேருகிறது. நெய்வேலிப் பகுதியில் ஒரு காலத்தில் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணி பொங்கியது. இன்று அங்கே நிலக்கரிக்குக் கீழே இருக்கிற அந்தத் தண்ணீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் தோண்டவே முடியும். மேகத்தில் ஏறிய நீர் பத்து நாளுக்குள் மழையாகி இறங்கிவிடுகிறது, ஆழத்தில் இருப்பது சேர ஆயிரக்கணக்கான வருஷம்கூட ஆகியிருக்கலாம். அதை எடுத்துப் பாத்திரம் கழுவுவது எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த அடுக்கும் கடல் பக்கம் நீண்டுதான் போகிறது, எல்லாரும் இறைத்தால் அங்கேயும் உப்பு வரும், அப்போது 600 அடி என்பார்கள்.

கடலோரத்தில் கிணறு தோண்டியது தப்பில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே முத்திரப்பாளையத்திலிருந்து வாய்க்கால் வெட்டித்தான் பட்டணத்துக்கு நல்ல தண்ணி கொண்டுவந்தார்கள், பாரதி பூங்காவில் இருக்கும் ஆயி மண்டபம் அதன் நினைவாகக் கட்டியதுதான். கரையோரத்தில் நல்ல தண்ணிக்கு அன்றைக்கும் அருமைதான். தப்பு, எடுத்த அளவுக்கு உள்ளே விடாதது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. உங்கள் மொட்டை மாடி 1,000 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு நாளில் அதன் மேல் மட்டும் 37,000 லிட்டர், 20 லிட்டர் கேனில் சொன்னால் 1,850 கேன். அத்தனையும் தெரு வழியாக, வீட்டுக்குள் புகுந்தது போக மிச்சம், கடலுக்குப் போனது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதனால்தான் கிணறு. ஐப்பசிக்கு முன்னால் ஆள் வைத்துத் தூர் வாருங்கள். கிணற்றுக்குள் விஷவாயு இருக்கலாம், சோதிக்காமல் யாரையும் இறக்காதீர்கள். மாடித் தண்ணியை ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாக வடிகட்டிக் கிணற்றில் விடுங்கள், முதல் இரண்டு மழையை மட்டும் வெளியே விட்டுவிடலாம், தூசியும் பறவை எச்சமும் அதோடு போய்விடும். போரிலிருந்து இறைப்பதைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு மழைக்காலத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, பக்கத்து வீடுகளும் சேர்ந்தால்தான் தெரியும், அவர்களிடமும் பேசுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி மகளிடம் கொடுங்கள். மாதம் ஒரு முறை கிணற்றுத் தண்ணியையும் போர் தண்ணியையும் அளந்து நோட்டில் எழுதட்டும். அடுத்த சித்திரையில் அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.