பயணம் ரத்து, பணம் எங்கே?

கேள்வி: மாமனார், மாமியாருக்குத் திதி கொடுப்பதற்காகக் காசிக்கும் கயாவுக்கும் செல்ல, மண்ணடியில் உள்ள ஒரு பயண நிறுவனத்தில் ஐந்து மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தோம். முன்பணம் ரூ.6,000-ஐ ஜிபேயிலும், மீதி ரூ.58,000-ஐ என் கிரெடிட் கார்டிலும் கட்டினோம். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, போதிய ஆட்கள் சேராததால் பயணம் ரத்து என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பணத்தைக் கேட்டால், அடுத்த ஆண்டுப் பயணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வங்கிக் கிளையிலோ, “மெஷினில் பின் நம்பர் போட்டது நீங்கள்தானே, அவர்களிடமே கேளுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு வேறு வழி இருக்கிறதா?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: வழி இருக்கிறது. பின் நம்பரைப் போட்டது நீங்கள்தான் என்பது உண்மையே. ஆனால் நீங்கள் பணம் கட்டியது ஒரு சேவைக்காக. அந்தச் சேவையை விற்றவரே அதை ரத்து செய்துவிட்டுப் பணத்தையும் தராமல் இருந்தால், கார்டு வழங்கிய வங்கியின் மூலம் அதைத் திரும்பக் கோருவதற்கு விசா, மாஸ்டர்கார்டு, ரூபே ஆகிய எல்லாக் கார்டு அமைப்புகளிலும் ஏற்பாடு உண்டு. வங்கித் துறையில் அதை ‘சார்ஜ்பேக்’ என்பார்கள். கிளையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கையாள்வதில்லை. ஆகவே, உங்கள் மாதாந்திர ஸ்டேட்மென்டில் அச்சிட்டிருக்கும் கார்டு பிரிவின் மின்னஞ்சலுக்கு எழுதி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

எழுதும்போது ஒரு தவறு நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் சீக்கிரம் வரட்டும் என்ற ஆத்திரத்தில், “இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை” என்ற கட்டத்தில் பலர் டிக் செய்துவிடுகிறார்கள். அது மோசடிப் புகார். பின் நம்பர் சரியாகப் பதிவாகியிருப்பதைக் காட்டி, வங்கி அதை எளிதாகத் தள்ளுபடி செய்துவிடும். “பணம் செலுத்திய சேவை வழங்கப்படவில்லை, ரத்து செய்தது நிறுவனம், பணம் திரும்பவில்லை” என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ரத்து செய்தது அவர்கள் என்பதில்தான் உங்கள் கோரிக்கையின் பலமே இருக்கிறது. நீங்களாகப் பயணத்தைக் கைவிட்டிருந்தால், பதிவின்போது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் உள்ள தொகைக்கு மேல் கேட்க முடியாது.

அந்த வாட்ஸ்அப் செய்தியைத் தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரசீது, பயணத் திட்டத் தாள், பணத்தைக் கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதம் ஆகியவற்றோடு இணையுங்கள். அப்படியொரு கடிதம் இதுவரை அனுப்பவில்லை என்றால் இன்றே அனுப்புங்கள். அடுத்த ஆண்டுப் பயணம் எங்களுக்குச் சம்மதமில்லை என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். “சரி, பார்க்கலாம்” என்று பேச்சுக்குச் சொன்னதைக்கூட நீங்கள் ஒப்புக்கொண்டதற்கான சான்றாக அவர்கள் வங்கியிடம் காட்டக்கூடும். ஸ்டேட்மென்டில் பதிவாகியிருக்கும் பெயரையும் பாருங்கள். கடைப் பலகையில் ஒரு பெயரும் மெஷினில் வேறொரு பெயரும் இருப்பது வழக்கம் என்பதால், புகாரில் இரண்டையும் குறிப்பிடுவது நல்லது.

ஐந்து மாதங்கள் ஆகிவிட்டனவே என்று கலங்க வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்கான கெடு பொதுவாக 120 நாட்கள். வழங்கப்படாத சேவையைப் பொறுத்தவரை, அதைப் பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணாமல், சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணலாம். ஆனால் அந்தக் கெடுவுக்குள் கோரிக்கையை அனுப்ப வேண்டியது வங்கி. ஆகவே, கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள்.

வங்கி இடைக்காலமாகப் பணத்தை வரவு வைத்தாலும், நிறுவனம் எதிர்வாதம் செய்து வென்றால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். முடிவு வரும்வரை அதைச் செலவழிக்காதீர்கள். பில் கட்டுவதையும் நிறுத்திவிடாதீர்கள், தாமதக் கட்டணமும் வட்டியும் உங்கள் தலையில்தான் விழும். தொகையை இஎம்ஐயாக மாற்றியிருந்தால், அதை ரத்து செய்யும்படி தனியாகக் கேட்க வேண்டும்.

பில்லில் தகராறு என்று புகார் செய்தால், அதிகபட்சம் 30 நாட்களுக்குள் வங்கி விளக்கம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதி. பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண்ணை அழையுங்கள்.

ஜிபேயில் போன ரூ.6,000-க்குக் கார்டின் இந்த வழி பொருந்தாது. அதற்கு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அங்கும் தீராவிட்டால், சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே வழக்குத் தொடர 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு, ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கார்டுத் தொகையை வங்கி மறுத்துவிட்டால், அந்த ரூ.58,000-ஐயும் அதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள்.