கணக்கு யார் தலையில் விழுகிறது?

தம்பி, சூழல் நிலைத்தன்மையையும் அரசியல் பொருளாதாரத்தையும் சேர்த்துப் படிக்க ஐரோப்பா வந்து இரண்டு மாதம் ஆகிறது, "உலகைக் காக்க விரும்புகிறேன்" என்று விண்ணப்பத்தில் எழுதியதை இன்று படித்தால் கூச்சமாக இருக்கிறது, உண்மையில் எதற்காக வந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அதே படிப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். அந்த ஆசை பொய்யல்ல. அது பிடித்துக்கொள்ள ஒரு கேள்வி வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு அந்தக் கேள்வி எலினார் ஆஸ்ட்ரமைப் படித்தபோது கிடைத்தது. பொதுவளத்தை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள், அரசிடமோ தனியாரிடமோ ஒப்படைப்பதுதான் வழி என்று பலர் நம்பிய காலத்தில், சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்களையும் ஸ்பெயினின் பாசன வாய்க்கால்களையும் காட்டி மறுத்தவர் அவர். பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்து, மீறியவருக்குத் தண்டம் விதித்து, நூற்றாண்டுக் கணக்கில் அவற்றைக் காத்திருக்கிறார்கள். 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்ணும் அவரே. விதியை வகுப்பது யார் என்று கேட்காமல் சூழலைப் பற்றிப் பேச முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்று என் வேலையே அதைச் சுற்றித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் போன்றவற்றை இறக்குமதி செய்கிறவர்கள் அவற்றின் தயாரிப்பில் வெளியான கார்பனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 2023 அக்டோபரில் வெறும் அறிக்கையாகத் தொடங்கியது. 2026 இறக்குமதியிலிருந்து அந்தக் கார்பனுக்குப் பணமும் கட்ட வேண்டும். இங்குள்ள ஆலை கார்பனுக்கு விலை கொடுக்கும்போது வெளிச்சரக்கு சும்மா நுழையக் கூடாது என்ற நோக்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஐரோப்பாவுக்குப் போல்ட், நட்டு செய்து அனுப்பும் ஒரு சிறு பட்டறைக்காரர் இந்தக் கணக்குக்காக நிரப்பி அனுப்பிய படிவம் கண்ணைவிட்டு அகலவில்லை. உருக்கு எந்த உலையில் உருவானது என்ற கட்டம் காலி. மின்சாரம் எத்தனை யூனிட் என்ற இடத்தில் மாதக் கட்டணத் தொகையை எழுதியிருந்தார். பெரிய ஆலையில் இதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். கணக்குக் காட்ட முடியாதவர் சரக்குக்கோ ஒன்றியம் நிர்ணயித்த உத்தேசக் கார்பன் அளவையே எடுத்துக்கொள்வார்கள். அதை வேண்டுமென்றே சற்றுக் கூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். சுத்தமாகத் தொழில் செய்திருந்தாலும் அவர் பொருளின் விலைதான் ஏறும். இரண்டு மாலை நேரம் அவருடன் தொலைபேசியில் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பினேன்.

வெளிநாட்டில் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கும் என் பதில் இதுதான். இத்தகைய விதிகளின் வரைவுகள் இங்கே பொதுக் கருத்துக்கு வைக்கப்படுகின்றன. தொழிற்சங்கங்களும் ஆலை அமைப்புகளும் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. பட்டறைக்காரர் குரலை நான் அரிதாகவே பார்க்கிறேன். அந்த இடத்தில் உட்கார்ந்து எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும்.

விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கக் குழம்புவதாகவும் சொன்னீர்கள். வணிகச் சட்டத்தை எடுங்கள். கூடவே புள்ளியியலும், கடினம்தான், விடாதீர்கள். நேரம் கிடைக்கும்போது ஏதேனும் ஒரு வரைவைப் படித்துவிட்டு எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.