உறைபனி விழும் கார் ஷெட்டில் எந்த ட்ரையர் வைக்கலாம்?

கேள்வி: வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் துணி உலர்த்தும் ட்ரையர் வைக்க நினைக்கிறோம். நாலு பக்கமும் சுவர், கூரை, கதவு எல்லாம் உண்டு. ஹீட்டர் மட்டும் கிடையாது. குளிர்காலத்தில் ராத்திரி வாளியில் வைத்த தண்ணீர் உறைந்துவிடும். ஹீட் பம்ப் ட்ரையர் வாங்கினால் கரண்ட் மிச்சம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த இடத்துக்கு வேண்டாம். கரண்ட் மிச்சம் என்பது உண்மைதான். 8 கிலோ துணியை உலர்த்த ஹீட்டர் வகை ட்ரையருக்கு 4 முதல் 5 யூனிட் ஆகும். ஹீட் பம்ப் வகைக்கு 2 யூனிட்டோ அதற்கும் குறைவாகவோ போதும். ஆனால் இந்தக் கணக்கு வீட்டு அறையின் வெப்பத்தில் அளந்தது. ஹீட் பம்ப் ட்ரையர், ஈரக் காற்றிலிருக்கும் சூட்டையே கம்ப்ரசர் மூலம் திரும்பப் பிடித்து மறுபடி டிரம்முக்குள் அனுப்புகிறது. மெஷினே சில்லிட்டுக் கிடந்தால் அந்தச் சூடு சேரவே நெடுநேரம் பிடிக்கும்; சேர்ந்த சூட்டிலும் ஒரு பகுதி மெஷினின் தகடு வழியாக வெளியே கசியும். கம்ப்ரசர் எண்ணெயும் கெட்டியாகிவிடும். சில மாடல்கள் பிழைக் குறி காட்டி நின்றே போகும்.

இதைவிட மோசம் தண்ணீர். துணியிலிருந்து பிரிந்த நீர் அடியிலுள்ள தொட்டியில் சேர்ந்து, சிறிய பம்ப் வழியாக மேலே உள்ள டேங்குக்குப் போகிறது. டேங்கைக் காலி செய்தாலும் பம்பிலும் ஹோஸிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ராத்திரி அது உறைந்து விரியும்போது பிளாஸ்டிக் கூடு வெடிக்கலாம். மறுநாள் பம்ப் சுற்ற முடியாமல் மோட்டார் பாழாகலாம், அல்லது அடியில் ஒழுக ஆரம்பிக்கும். கையேட்டில் சுற்றுப்புற வெப்பம் பெரும்பாலும் 5 முதல் 35 டிகிரி என்று போட்டிருக்கும். அதற்கு வெளியே ஓட்டிப் பழுதானால் வாரண்டி மறுக்கப்படலாம். ஹீட் பம்ப் இல்லாமல், ஈரக் காற்றைக் குளிர்வித்துத் தண்ணீராகச் சேர்க்கும் சாதாரண கண்டென்சர் ட்ரையருக்கும் இதே தண்ணீர்ப் பிரச்சினை உண்டு.

உங்களுக்குப் பொருந்துவது, ஈரக் காற்றைக் குழாய் வழியாக நேரே வெளியே தள்ளும் வென்ட் வகை. 2000 முதல் 2500 வாட் ஹீட்டரும் ஒரு விசிறியும்தான் அதன் முக்கிய பாகங்கள். தேங்கும் தண்ணீர் இல்லை, கம்ப்ரசர் இல்லை. குளிர் காற்றை இழுத்துச் சூடாக்குவதால் நேரமும் கரண்டும் கூடும். அதைத் தவிர்க்க முடியாது. சில வென்ட் மாடல்களுக்கும் 5 டிகிரி வரம்பு போட்டிருப்பதால் வாங்கும் முன் கையேட்டின் அந்த வரியைப் படியுங்கள். மின் சிக்கன நட்சத்திரங்களை அப்புறம் பார்க்கலாம்.

குழாய் வேலையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வழக்கமான விட்டம் 100 மில்லிமீட்டர். நீளத்தை 2 மீட்டருக்குள் முடித்துவிடுங்கள். வளைவு ஒன்றுக்கு மேல் வேண்டாம். சுருக்கம் சுருக்கமான பிளாஸ்டிக் ஹோஸில் பஞ்சு ஒட்டித் தங்கும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு. வழுவழுப்பான உலோகக் குழாயே மேல். குளிரில் குழாய்க்குள்ளேயே நீர் கோக்கும் என்பதால் சுவரைப் பார்த்து லேசாகச் சரித்து வையுங்கள். எதிர்ப்பக்கம் சரிந்தால் அந்த நீர் மெஷினுக்குள் திரும்பும். பள்ளமாகத் தொய்ந்தால் அங்கேயே தேங்கிக் காற்றை அடைக்கும். வெளி முனைக்குத் தானே மூடும் மடல் போடுங்கள், கொசுவலைக் கம்பி போடாதீர்கள்: சீக்கிரமே பஞ்சு அடைத்துவிடும்.

தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி வேண்டும். கதவடியில் அல்லது சுவரில், குழாய் வாய்க்குக் குறையாத திறப்பு விடுங்கள். அதே ஷெட்டில் கேஸ் கீசரோ பாய்லரோ இருந்தால் இது உயிர் விஷயம். காற்று போதாமல் ட்ரையர் அந்தக் கீசர் அல்லது பாய்லரின் புகைபோக்கி வழியாகவே இழுத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உள்ளே வரும்.

மின்சாரத்துக்கு எர்த் உள்ள தனி இணைப்பும் மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் அவசியம். எக்ஸ்டென்ஷன் கார்டு கூடவே கூடாது. மெஷினைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி, மழைச் சாரல் படாத மூலையில் வையுங்கள். எலி நுழையும் ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள்; ஒயரைக் கடிக்கும்.

இன்னொரு யோசனை. ஹீட் பம்ப் ட்ரையருக்கு வெளிக்குழாய் தேவையில்லை, ஆகவே வீட்டுக்குள் ஒரு பிளக் பாயிண்ட் பக்கத்தில் இடம் கிடைத்தால் அங்கேயே வைக்கலாம். அப்படியொரு மூலை இருந்தால் ஷெட்டை மறந்துவிட்டு ஹீட் பம்பையே வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் வாஷிங் மெஷினில் 1400 ஆர்பிஎம் ஸ்பின் கொடுத்துவிட்டுத் துணியைப் போடுங்கள். 1000 ஆர்பிஎம்மில் ஒரு கிலோ துணியில் சுமார் 600 மில்லி தண்ணீர் நிற்கும்; 1400-இல் சுமார் 500 மில்லி. 8 கிலோவுக்குச் சுமார் 800 மில்லி வித்தியாசம். உலர்ந்ததும் துணியை உடனே எடுத்துவிடுங்கள், ஆறும் டிரம்மில் விட்டால் மறுபடி ஈரம் பிடிக்கும்.